குழாய்க்காரர் எந்தப் பாகத்தில் வருவார்?

லிஃப்ட்காரர் பேசாத மனிதர். ஊமை என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். “சாப்பிட்டீங்களா?” என்றால் “ஆச்சு” என்பார், அதோடு சரி. “நீங்க?” என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது ஐம்பது வயதைத் தாண்டியும் அவருக்குத் தோன்றியதில்லை. அப்படிப்பட்டவரோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு மாலை போட வேண்டாம், குறை சொல்லாமலாவது இருக்கலாம்.

வேலையும் அவருக்கு ஏற்ற மாதிரியே அமைந்தது. அடுக்குமாடி வீடுகள், அலுவலகங்கள், டாக்டர்கள் உட்காரும் கட்டடங்கள் என்று ஊரில் பாதி லிஃப்ட்டுகளை அவர் மெக்கானிக்காக இருந்த கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. லிஃப்ட்டின் மோட்டார் மொட்டை மாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருக்கும். ஜன்னல் என்று பேருக்கு ஒரு ஓட்டை, கிரீஸ் வாடை, ஒரு பல்பு. அந்த அறைகளில்தான் அவர் காலம் போயிற்று. கீழே ஆயிரம் பேர் ஏறி இறங்குவார்கள், ஒருவர் முகமும் தெரியாது. எல்லோருக்கும் மேலேயே வேலை பார்த்துப் பார்த்து யாரோடும் பழகத் தெரியாமல் போய்விட்டார் பாவம்.

அவர் வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்தது மச்சான் வந்தால்தான். மனைவியின் தம்பி. டாக்டர்கள் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடையில் வேலை. குண்டு, கல்யாணம் ஆகாதவன், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு நடமாடும் சாட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வந்துவிடுவான். அன்றைக்குத்தான் டிவியில் அந்தத் தொடர். அதற்குப் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. இரண்டு பேரும் அதைக் ‘கப்பல்’ என்றே சொன்னார்கள்.

கதை இதுதான். பூமி வாழ லாயக்கில்லாமல் போய், ஒரு பெரிய கப்பல் வேறொரு நட்சத்திரத்துக்குக் கிளம்புகிறது. ஏறினவர்கள் யாரும் போய்ச் சேரப் போவதில்லை. அவர்கள் பேரன் பேத்திகள்தான் சேருவார்கள். நடுவில் சண்டை, சூழ்ச்சி, காதல் எல்லாம் உண்டு. ஆனால் லிஃப்ட்காரருக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆளை. கப்பலின் குழாய்களுக்குள் ஊர்ந்து போய்க் காற்று நிற்காமல் பார்த்துக்கொள்கிற ஒரு கிழட்டு மெக்கானிக். ஒரு வாரத்துக்கு இரண்டு வசனம் பேசினால் அதிகம். அவர் முதல்முதலாகத் திரையில் தலை நீட்டியபோதே மச்சான் கைதட்டினான்.

“அத்தான், உங்கள டிவில போட்டிருக்காங்க பாருங்க!”

அன்றிலிருந்து அந்த ஆளுக்குக் ‘குழாய்க்காரர்’ என்று பெயர். அந்தத் தொடர் புத்தகங்களிலிருந்து எடுத்தது, மொத்தம் ஐந்து பாகம், தமிழிலும் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று மச்சான் சொன்னான். டிவியில் காட்டாத கதையெல்லாம் அவனிடமிருந்து வரும். “புத்தகத்துல உங்காளுக்கு எவ்வளவு பெரிய வேலை தெரியுமா?” என்று ஆரம்பிப்பான். லிஃப்ட்காரர் “அப்புறம்?” என்பார். அவன் சொல்வான். மறுபடியும் “அப்புறம்?” என்பார். அந்த வீட்டில் அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மூன்றாவது வருஷம் கப்பலின் வெளிமூடி ஒன்று பழுதாகிக் காற்று ஒழுகத் தொடங்கியது. அதை வெளியிலிருந்துதான் மூட முடியும். குழாய்க்காரர் வெளியே போனார், மூடினார். உள்ளே எல்லோரும் பிழைத்தார்கள். அவர் மூடிக்கு அந்தப் பக்கம், முதுகில் ஒரு சின்னக் காற்றுப் புட்டியோடு நின்றார். ‘தொடரும்’ என்று போட்டார்கள். தொடரவில்லை. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நிறுத்திவிட்டார்கள், பாவிகள். அரைக்கிணறு தாண்டினால் மீதிக் கிணறு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

“உள்ள வந்துட்டாரா மச்சான்?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“அத மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க.”

படிப்பதற்குள் குடும்பம் கலைந்தது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, அடி இல்லை. பேச்சில்லாத வீட்டில் இத்தனை காலம் இருந்துவிட்டு, இனி முடியாது என்று அவள் சொன்னாள். அவர் வழக்கம்போல “ம்” என்றார். அதைக் கேட்ட பிறகாவது அவளைத் தடுக்க ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால்தானே! கிளம்புவதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள்.

“எனக்கு நகை வேணாம், பாத்திரம் வேணாம். என் தம்பிய மட்டும் எனக்கு விட்டுக் குடுத்துடுங்க. போன் பண்ணாதீங்க, வரச் சொல்லாதீங்க, நீங்களும் போய்ப் பாக்காதீங்க. வாரா வாரம் வந்தானே, என்னைப் பாக்கவா வந்தான்? நான் உள்ள பாத்திரம் கழுவிகிட்டு இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் இங்க சிரிப்பீங்க. எங்கிட்ட ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு. எனக்குன்னு கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனையும் நீங்களே வெச்சுகிட்டா நான் யார்கிட்ட போவேன்?”

அதில் நியாயம் இருந்தது. “சரி” என்றார். அந்த ஒரு ‘சரி’யில் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவள் ஊரின் மறுகோடியில் தம்பி வீட்டுக்குப் போனாள். இவர் ஓர் ஒற்றை அறைக்குக் குடிமாறினார். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். வளை தனியாக இருக்கலாம். எலியும் தனியாக இருந்தால்? மனைவி போனதைக் கேள்விப்பட்டு நாலு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள், மனசத் தேத்திக்குங்க என்றார்கள். மச்சினன் போய்விட்டான் என்றால் யார் வந்து விசாரிப்பார்? அது ஒரு துக்கம் என்றே யாருக்கும் தோன்றாது. உண்மையைச் சொன்னால், மனைவி இல்லாததை அவர் தாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைத்தான் தாங்க முடியவில்லை. டிவியைப் போட மாட்டார். போட்டாலும் பார்க்க மாட்டார். ஏதோ ஒரு பாட்டு ஓடும், இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம் எழுந்து பொது நூலகத்துக்குப் போனார். கண்ணாடி போட்ட நூலகத்து அம்மாவிடம் கப்பல் புத்தகத்தின் முதல் பாகத்தைக் கேட்டு வாங்கினார். குழாய்க்காரர் உள்ளே வந்தாரா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் மச்சான் பக்கத்தில் இருக்கிற மாதிரி. அவ்வளவுதான் அவர் கணக்கு.

பள்ளிக்கூடத்தோடு கதைப்புத்தகம் படிப்பதை விட்டவர். அவர் படித்ததெல்லாம் லிஃப்ட்டோடு வருகிற கையேடுதான். அதை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. எது கோளாறோ அந்தப் பக்கத்தைத் தேடிப் போவார்கள். இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, வரிக்கு வரி ‘குழாய்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். குழாய் வந்தது. குழாய்க்காரர் வரவில்லை.

அவசரத்தில் விட்டிருப்போம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை திருப்புளியை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. டிவியில் கப்பல் தலைவி நெடுநெடுவென்று ஒரு பெண். புத்தகத்தில் வயிற்றுவலிக்காரக் குட்டை மனிதர். டிவியில் பத்து நிமிஷம் துப்பாக்கிச் சண்டை நடந்த இடத்தில் புத்தகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து தண்ணீர்ப் பங்கீடு பற்றிப் பேசினார்கள். மண்ணே இல்லாமல் கீரை வளர்ப்பது எப்படி என்று மட்டும் இருபது பக்கம். “சீ, இதையா கரைச்சுக் குடிச்சான்!” என்று மூடி வைப்பார். மறுநாள் திறப்பார்.

இரண்டாம் பாகத்தில் எரிச்சல் போய்விட்டது. அவருக்கே தெரியாமல் கதைக்குள் போய்விட்டார். கப்பலிலேயே பிறந்த ஒரு பெண், மழை என்றால் என்ன என்று தாயிடம் கேட்கிற இடத்தை மூன்று தடவை படித்தார். மூன்றாம் பாகத்தின் நடுவில் அந்தப் பெண் செத்துப்போனாள். டிவியில் அவள் சாகவே இல்லை, கடைசி வாரம்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அடப்பாவி, இவளக் கொன்னுட்டானே மச்சான்!” என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னார். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. இதை மச்சானிடம் சொல்ல வேண்டும், இது டிவியில் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும், இந்த இடத்தில் அவன் என்ன சொல்வான் என்று மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே போனார். ஆயுசு முழுக்கப் பேசாத மனிதருக்கு, சொல்ல ஆளில்லாத நேரம் பார்த்துப் பேச்சு ஊறியது. ஊறிய பேச்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அறைக்கு வந்தால் சுவர்.

ஐந்தாம் பாகமும் முடிந்தது. பேரப்பிள்ளைகள் புது மண்ணில் இறங்கினார்கள். குழாய்க்காரர் கடைசிவரை வரவே இல்லை. வெளிமூடி பழுதானது, ஆனால் அதை ஒரு இயந்திரக் கை மூடிவிட்டது. ஒரே பத்தி. லிஃப்ட்காரர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனார்.

“இதுல ஏதோ ஒரு பாகம் விட்டுப் போயிருக்கும்மா.”

“இல்லையே சார். அஞ்சும் உங்ககிட்டதானே குடுத்தேன்.”

“ஒரு ஆள் வரவே இல்ல. குழாயெல்லாம் சரி பண்ணுவாரே, வயசானவரு.”

நூலகத்து அம்மா சிரித்துவிட்டாள். “அவரா? அவர் டிவிக்காரங்க சேத்த ஆளு சார். புத்தகத்துல அந்த வேலையெல்லாம் மெஷின்தான் பாக்கும். எனக்கும் அவரத் தேடித் தேடி ஏமாத்தமாத்தான் இருந்துச்சு.”

வெளியே வந்து நடைபாதையில் நின்றார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்பார்களே, இவன் இரண்டையும் சேர்த்து அளந்திருக்கிறான். இத்தனை வருஷம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேனே, என்னை முட்டாள் என்றுதானே நினைத்தான்? அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்திருப்பார்களோ? அந்த வாரம் முழுக்க எல்லார் மேலேயும் எரிந்து விழுந்தார். பேசாத மனிதர் எரிந்து விழுந்ததில் கம்பெனியே ஆடிப்போயிற்று.

கோபம் இறங்கிய பிறகுதான் வேறொன்று உறைத்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் இவரை விட்டுவிட்டு நேற்று வந்த ஒருவனை மேற்பார்வையாளர் ஆக்கின வாரம் மச்சான் என்ன சொன்னான்? “புத்தகத்துல கப்பல் தலைவரே குழாய்க்காரர்கிட்ட வந்துதான் கேப்பாரு அத்தான், கப்பலக் கிளப்பலாமான்னு. இவர் தலையாட்டினாத்தான் கிளம்பும்.” மனைவி இவரோடு பேசுவதை அறவே நிறுத்தின வாரம்? “ரெண்டாம் பாகத்துல ஒரு சின்னப் பொண்ணு வரும், அப்பா அம்மா இல்லாதது. அவர் பேச மாட்டாரா, அது அவருக்கும் சேத்துப் பேசிகிட்டே கூடச் சுத்தும்.” பிரிவது என்று முடிவான வாரம், கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை? “நாலாம் பாகத்துல அவர் தனியாத்தான் இருப்பாரு அத்தான். ஆனா கப்பல்ல ஒவ்வொருத்தனும் இழுத்து விடற மூச்சு இருக்கே, அது அவர் வேல.”

எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இவன் அளவெடுத்துத் தைத்த மாதிரிச் சொல்லியிருக்கிறான். வாரா வாரம் இவர் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்காமலே தெரிந்துகொண்டு, அதற்கென்று ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படி ஒருத்தன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவனை இழந்த பிறகு தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

மச்சான் வேலை பார்க்கிற டாக்டர்கள் கட்டடம் முன்பு இவர் பொறுப்பில்தான் இருந்தது. வாக்குக் கொடுத்த மறுநாளே அதை வேறொரு மெக்கானிக்குக்கு மாற்றிவிடச் சொல்லிவிட்டார். அந்த மெக்கானிக் இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

“அண்ணே, குனிய முடியல. அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு இந்த ஒரு தடவ மட்டும் நீங்க போயிட்டு வந்துடறீங்களா?”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். “ம்” என்றார். வழக்கத்தைவிட அது கொஞ்சம் வேகமாகவே வந்தது.

தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, மருந்துக்கடைப் பக்கம் பார்க்காமல், பக்கவாட்டு வழியாகப் போனார். போய்ப் பார்க்க மாட்டேன் என்றுதானே வாக்கு? பார்க்கவில்லை. லிஃப்ட்டை நிறுத்தி, ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகையை மாட்டிவிட்டுப் படியேறி மோட்டார் அறைக்குப் போனார். பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது படியில் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. அதை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். கை நின்றுவிட்டது.

மச்சான் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. கூப்பிட வாயெடுத்து, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

“இந்த உடம்ப வெச்சுகிட்டு ஏன் மச்சான் ஏறி வந்தே?”

“லிஃப்ட நிறுத்திட்டீங்களே! பறந்தா வருவாங்க? தொப்பிய இறக்கிவிட்டா உங்க நடை எனக்குத் தெரியாதா?”

ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மோட்டாரைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர்தான் முதலில் பேசினார். அதுவே அதிசயம்.

“கப்பல் படிச்சேன். அஞ்சு பாகமும்.”

மச்சானின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. “அஞ்சுமா? நீங்களா?”

“நீ படிச்சியா?”

“முதல் பாகம்... பாதி. அந்தக் கீரை வந்ததும் தூங்கிட்டேன்.”

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சானும் சிரித்தான், சிரிப்பில் டப்பா ஆடியது. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்.

“ஏன்டா அப்படிச் சொன்னே?”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மனசு விட்டுப் பேசுங்கன்னா பேசுவீங்களா? அழுங்கன்னா அழுவீங்களா? அந்தாளப் பத்திச் சொன்னா மட்டும் ‘அப்புறம்?’னு கேப்பீங்க. அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் பூரா கடையில நின்னு யோசிப்பேன் அத்தான். மருந்து கேட்டவங்களுக்கு சோப்ப எடுத்துக் குடுத்துத் திட்டெல்லாம் வாங்கியிருக்கேன்.”

லிஃப்ட்காரர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

“வெள்ளிக்கிழம... வர்றியா?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

“அக்கா இப்ப சிரிக்கிறா அத்தான். வெள்ளிக்கிழம ஆனா ரெண்டு பேரும் கடைத்தெருவுல சும்மா நடப்போம். அவ பேசிகிட்டே வருவா. இவ்வளவு பேசுவாளான்னு எனக்கே தெரியாது. சின்ன வயசுல நான் கீழ விழுந்தது, அம்மா திட்டினது, எல்லாம் சொல்லுவா. எங்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கா. உங்களப் பாத்துட்டுப் போய் அவ முகத்துல முழிச்சா கண்டுபிடிச்சிடுவா. அவகிட்ட எனக்குப் பொய் வராது.”

“அஞ்சு பாகம் பொய் சொன்னவனுக்கா?”

“அது உங்களுக்குத்தான் வந்துச்சு. அவகிட்ட வராது.”

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்தக் குண்டு உடம்பைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவள் சிரிக்கிறாள் என்று கேட்டு லிஃப்ட்காரருக்கு வயிறெரிந்தது என்றால் தப்பு. சந்தோஷப்பட்டார் என்றால் அதுவும் பொய். அவளைச் சிரிக்கவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளைக் கேட்டாள், இவர் கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா?

“வேணாம் மச்சான். அவ சிரிக்கட்டும். நீ கிளம்பு.”

மச்சான் எழுந்தான். வாசல்வரை போனான், நின்றான், திரும்பினான்.

“அத்தான், அஞ்சு பாகம்தான் படிச்சீங்களா? ஆறாவது படிக்கலையா?”

ஆறாவது என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“இல்லையே” என்றார் லிஃப்ட்காரர். “அதுல என்ன?”

“அதுலதான் உங்காளு வர்றாரு. மூடிக்கு வெளிய நிக்கிறாரா? உள்ள ஒருத்தன் இருக்கான். அவன் கைக்கெட்டற தூரத்துலதான் தாழ்ப்பாள். ஆனா திறக்க முடியாது. திறந்தா உள்ள ஒருத்திக்கு மூச்சு நின்னுடும். அதனால திறக்க மாட்டான்.”

“அப்புறம்?”

“திறக்க மாட்டான், ஆனா விட்டுட்டுப் போகவும் மாட்டான். வந்து வந்து உள்ளேருந்து மூடியத் தட்டுவான்.”

“வெளியில காத்து ஏதுடா? தட்டினா கேக்காதே.”

“கேக்காது அத்தான். ஆனா மூடி மேல கைய வெச்சிருந்தா தெரியும்ல?”

இரும்பின் மேல் கையை வைத்தே இத்தனை வருஷம் பிழைத்தவர் அவர். எந்த மாடியில் எந்தக் கதவு தட்டுகிறது என்று மேலே நின்றே சொல்லிவிடுவார்.

“தெரியும்” என்றார்.

“அவ்வளவுதான் ஆறாம் பாகம்” என்று சொல்லிவிட்டு மச்சான் இறங்கிப் போனான். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து, பிறகு நின்றுவிட்டது. கீழேயிருந்து யாரோ, “இன்னும் எவ்வளவு நேரம்யா? மனுஷங்க மேல போக வேணாமா?” என்று கத்தினார்கள். லிஃப்ட்காரர் மோட்டாரைப் போடவில்லை. மச்சான் உட்கார்ந்திருந்த டப்பாவில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதார். கத்துகிறவன் கத்தட்டும். ஒரு நாள் ஆறு மாடி ஏறினால் செத்தா போய்விடுவான்?